டேட்டாபேஸ் பற்றித் தமிழில் புத்தகம் எழுதுவது எப்படி இருக்கும்?

தலவாக்கலையில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, டெவலப்பர்களுக்காக டேட்டாபேஸ் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுத நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலை எப்படி இருந்தது? எங்கிருந்து தொடங்குவது? மலையகத்தில் இருந்துகொண்டே முடிக்கலாமா?"

முடிக்கலாம், தங்கச்சி. நான் ஹட்டனில் இருந்துதான் எழுதினேன். கொழும்புக்குப் போக வேண்டி வந்தது அச்சு வேலைக்கு மட்டும்தான். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்: மாதிரித் தரவில் தொடங்குங்கள். அத்தியாயப் பட்டியல், முன்னுரை, புத்தகத்தின் பெயர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். வாசகர் தன் கணினியில் தட்டிப் பார்க்கப்போகும் அட்டவணைகள் எவை, அவற்றுக்குள் என்ன இருக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். டேட்டாபேஸ் புத்தகம் உயிரோடு வருவதும் சப்பென்று போவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. என் உழைப்பில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போனது.

பெரும்பாலான பாடங்களில் ஒரு கடை வரும். வாடிக்கையாளர், பொருள், ஓர்டர் என்று மூன்று அட்டவணை. எல்லோருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர், முகவரி, தபால் குறியீடு ஒழுங்காக இருக்கும். விலை மாறாது. எந்த நெடுவரிசையும் வெறுமையாக இருக்காது. இப்படிப்பட்ட தரவில் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதப் பழகலாம், டேட்டாபேஸ் வடிவமைக்கப் பழக முடியாது. வடிவமைப்பு என்ற வேலையே தரவு முரண்டு பிடிக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. முரண்டு பிடிப்பதை வாசகர் உணர வேண்டுமானால் அந்தத் தரவு அவருக்கு ஏற்கனவே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அதனால் நான் ஒரு கற்பனைத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கும் சம்பள நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த டிவிசன், எந்த மலை, காலை நிறுவை எவ்வளவு, மாலை நிறுவை எவ்வளவு, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா), கைகாசு (நாட்பேருக்கு வெளியே செய்யும் வேலைக்கான காசு) உண்டா, முற்பணம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் வீட்டில் அடிபட்ட பேச்சு. செக்ரோல் (தோட்டத்தின் பேர், சம்பளப் பதிவேடு) என்பதே ஓர் அட்டவணைதான். முதல் அத்தியாயத்தில் வரைவிலக்கணம் எதுவும் வைக்காமல், "இந்த மாதம் இவருக்கு எவ்வளவு சம்பளம், ஏன் அவ்வளவு?" என்ற கேள்வியை வைத்தேன். அதற்குப் பதில் சொல்லப் போனால் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் மதிப்பு), அந்நியச் சாவி (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் மதிப்பு), இணைப்பு, தொகுப்பு எல்லாம் தேவைப்பட்டு, தாமாகவே வந்து நிற்கும்.

உதாரணத்துக்கு நாட்சம்பளம். 2021 மார்ச்சில் அது 1000 ரூபாவானது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. சம்பள வீதத்தைத் தொழிலாளர் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைத்து, உயரும்போது பழையதை அழித்துப் புதியதை எழுதினால், 2022 இல் ஒருவர் வாங்கிய சம்பளத்தை இன்று திரும்பக் கணக்கிட முடியாது. வீதத்துக்குத் தனி அட்டவணை வேண்டும், அதில் எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்ற நெடுவரிசையும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் அதே மாதிரிதான். தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். இந்த எண்களை நிரலுக்குள் ஒளித்து வைக்கலாமா, தரவாக வைக்க வேண்டுமா என்ற விவாதம் வாசகருக்குள் தானாகவே எழும், ஏனென்றால் அது அவருடைய அம்மாவின் சம்பளச் சீட்டில் உள்ள விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு அக்கறை அதிகம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது மலையகத்தில் பழைய சண்டை. அட்டவணையில் தேறிய எடையை மட்டும் சேமித்தால் அந்தக் கழிவு பதிவிலேயே இல்லாமல் போய்விடும், பிறகு யார் கேட்டாலும் காட்ட எதுவும் இருக்காது. மொத்த எடை ஒரு நெடுவரிசை, கழிவு ஒரு நெடுவரிசை, கழித்த காரணம் ஒரு நெடுவரிசை என்று வைத்தால் யாரும் கூட்டிப் பார்க்கலாம். எதைச் சேமிக்கிறோம் என்ற முடிவு ஒருவருடைய உரிமையைத் தொடுகிறது என்பதை இந்த ஒரு பக்கத்தில் சொன்ன அளவுக்கு வேறெங்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆள் விவரம் இதைவிடச் சிக்கல். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். பழைய இலக்கம் 9 எண்ணும் ஓர் எழுத்தும், 2016 முதல் 12 எண். ஒரே ஆளின் பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றலாம், ஆகவே ஒருவரே இரண்டு வடிவத்தில் இரண்டு முறை பதிவாகலாம். தவிர, அந்த எண்ணுக்குள்ளேயே பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். அதாவது, சாவியைக் காட்டினாலே வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நெடுவரிசை வெறுமையாக இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டால் என்ன ஆகும்? 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொள்ளும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இத்தனை காலம் அடையாள அட்டையே இல்லாமல் உழைத்து, கூலி வாங்கி, பிள்ளை வளர்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அந்த ஒரு கட்டுப்பாடு அவர்களை அட்டவணைக்கு வெளியே நிறுத்திவிடும். வெறுமை மதிப்பு என்றால் என்ன, எங்கே அனுமதிக்க வேண்டும் என்ற அத்தியாயத்தை நான் இங்கிருந்துதான் எழுதினேன்.

பெயரும் அப்படித்தான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். அதே அப்பாவின் பெயர் அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, தங்கையின் சான்றிதழில் இன்னொரு மாதிரி. முகவரி என்று பார்த்தால் லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கமே இல்லாத தோட்டங்கள் உண்டு, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைமாறும். தோட்டம், டிவிசன், லயம், காம்பரா என்றுதான் நெடுவரிசை போட வேண்டும். சரி, இதை வளர்க்கவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உண்மையான செக்ரோலை யாராவது தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பக்கத்து லயத்து அக்காவின் கடன் கணக்கைப் புத்தகத்தில் போட நமக்கு உரிமை இல்லை. முழுவதையும் நீங்களே உருவாக்குங்கள்.

உருவாக்கும்போது அளவு முக்கியம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வைத்திருக்கிறது. நூறு வரிசை உள்ள அட்டவணை இரண்டொரு பக்கத்தில் அடங்கிவிடும், அதற்கு நீங்கள் இண்டெக்ஸ் (வரிசையை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் சுட்டி) போட்டாலும், வினவலை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் திட்டமிடும் பகுதி அதைத் தொடாமல் முழு அட்டவணையையும் வாசித்துவிட்டுப் போய்விடும். அது சரியான முடிவுதான், ஆனால் வாசகர் "இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை" என்று நினைப்பார். 1000 பேர், நாளுக்கு 3 நிறுவை, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் ஒன்பது இலட்சம் வரிசை வரும். அங்கே, வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையைக் கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அளவு மட்டும் போதாது, பரம்பலும் உண்மை போல இருக்க வேண்டும். கணினி தரும் சீரான தற்செயல் எண்களைக் கொட்டினால் ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரிக் கொழுந்து வரும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாத மழையில் கொழுந்து குவியும், ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் குறையும். அந்த ஏற்றத்தாழ்வைத் தரவில் வைத்தால்தான், திட்டமிடும் பகுதி எத்தனை வரிசை வரும் என்று எப்படி ஊகிக்கிறது, எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்க்கிறது, எப்போது தவறுகிறது என்பதைக் காட்ட முடியும். என் புத்தகத்தில் வாசகர்கள் அதிகம் பேசியது இந்த அத்தியாயத்தைப் பற்றித்தான்.

அப்புறம் தமிழ் எழுத்து. இது வேறு மொழிப் புத்தகங்களில் கிடைக்காத பகுதி, ஆகவே தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ் எழுத்துக்கான குறி ஒவ்வொன்றும் 3 பைட். "மலை" என்ற சொல்லில் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு மூன்று குறி, வட்டில் ஒன்பது பைட். நீளம் கேட்டால் எந்த எண் வரும் என்பது எந்தச் செயற்கூற்றைக் கூப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் நெடுங்காலம் யூடிஎஃப்8 என்ற பெயரில் வைத்திருந்தது 3 பைட்டோடு நிற்கும் வகை. தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் தமிழோடு ஓர் எமோஜி சேர்ந்து வந்தால் தடுக்கும். நான்கு பைட் வகையைத்தான் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

வரிசைப்படுத்தல் இதைவிட முக்கியம். யூனிகோடு அட்டவணையில் ன இருப்பது நவுக்கு அடுத்தபடியாக, பவுக்கு முன்னால். குறி எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் மனோகரி முதலிலும் மலர்விழி பிறகும் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து, மலர்விழிதான் முதலில் வர வேண்டும். புள்ளிக்கும் இதே பாடு. அதன் குறி எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் கணேசனுக்குப் பிறகுதான் கண்மணி வருவார், அகராதியிலோ கண்மணி முன்னால். போஸ்ட்கிரெஸ் 2017 இல் வந்த 10 ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ என்ற, பல மொழிகளுக்கான நிரல் நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்த இடம் தருகிறது. தமிழ் விதியைக் கேட்டு வாங்கினால் மெய்யெழுத்துகள் நெடுங்கணக்கு முறைக்கு வந்துவிடும். சம்பளப் பட்டியலைப் பெயர் வரிசையில் அச்சடித்து ஆபீஸ் வாசலில் ஒட்டும்போது இது சின்ன விஷயமில்லை, தன் பெயரைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டு வரும் ஆளுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. "கொ" என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சாதாரணமாக ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும், தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். உள்ளே எடுக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரெஸில் 13 ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்றே செயற்கூறு உண்டு.

நேரத்துக்கும் நம் நாடு நல்ல பாடம் வைத்திருக்கிறது. கிரீன்விச் நேரத்தைவிட 5.30 மணி முன்னால் இருந்த கடிகாரத்தை 1996 மே மாதம் 6.30 மணி முன்னாலாக நகர்த்தினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் 6 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் திரும்ப 5.30. நேரவலயத்தை வெறும் 5.30 என்ற எண்ணாக எழுதினால் அந்தப் பத்து ஆண்டுப் பதிவுகளும் தவறிவிடும். கொழும்பு நேரவலயம் என்று பெயரால் சொன்னால் பழைய மாற்றங்களையெல்லாம் டேட்டாபேஸ் அறிந்திருக்கும்.

எழுதக் கடினமாக இருந்த பகுதி டிரான்சாக்ஷன், அதாவது முழுதாக நடக்க வேண்டிய அல்லது நடக்கவே கூடாத மாற்றங்களின் தொகுதி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதுவதைத் தாளில் காட்டுவது சிரமம். மலையில் ஒருவர் மாலை நிறுவையைப் பதிகிறார், ஸ்டோரில் ஒருவர் அதே ஆளின் காலை நிறுவையைத் திருத்துகிறார். இருவருமே மொத்தம் 14 கிலோ என்று வாசிக்கிறார்கள். ஒருவர் 6 கூட்டி 20 என்று எழுதுகிறார், மற்றவர் 2 கூட்டி 16 என்று எழுதுகிறார். கடைசியில் நிற்பது 16, ஆறு கிலோ காணாமல் போனது. போஸ்ட்கிரெஸின் இயல்பான தனிமை நிலையில் (ஒரே நேரத்து வேலைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரிந்திருக்கும் என்ற அமைப்பில்) இது நடக்கும். ரிப்பீட்டபிள் ரீட் நிலைக்கு உயர்த்தினால் போஸ்ட்கிரெஸ் இரண்டாமவருக்குப் பிழைச் செய்தி தந்து நிறுத்தும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியிலோ ரிப்பீட்டபிள் ரீட்தான் இயல்பான நிலை, ஆனாலும் அங்கே நிறுத்தாது, 16 நின்றுவிடும். ஒரே பெயர், இரண்டு நடத்தை. இதை வாசித்தால் மறந்துபோகும், இரண்டு டேர்மினலை (கட்டளை தட்டும் சாளரத்தை) பக்கத்தில் திறந்துவைத்துச் செய்தால் மறக்காது. அதனால் படிகளுக்கு இலக்கம் போட்டு, எந்தப் படி எந்த டேர்மினல் என்று எழுதினேன். இரண்டு பத்தியாகப் பக்கவாட்டில் அடுக்கினால் தாளில் அழகாக இருக்கும், ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஃபோனில் வாசிக்கிறார்கள், அங்கே அது குலைந்துவிடும். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியையும் விடாதீர்கள்: மொத்தத்தை ஏன் சேமிக்க வேண்டும்? ஒவ்வொரு நிறுவையையும் தனி வரிசையாக வைத்து, தேவைப்படும்போது கூட்டினால் இந்தச் சண்டையே இல்லை.

மின்வெட்டையும் பயன்படுத்திக்கொண்டேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். கமிட் ஆனது (மாற்றம் நிலையாகப் பதிவானது) என்று டேட்டாபேஸ் சொன்ன மறு நொடியே கரண்ட் போனால் அந்த வரிசை இருக்குமா? இருக்கும், ஏனென்றால் மாற்றத்தை முதலில் பதிவேட்டில் எழுதி வட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஆம் என்று சொல்கிறது. அட்டவணைப் பக்கங்கள் பிறகு ஆறுதலாக எழுதப்படும். திரும்ப எழும்போது பதிவேட்டை வாசித்து விட்ட இடத்தைச் சரிசெய்யும். வட்டுக்குத் தள்ளும் அமைப்பை வேகத்துக்காக நிறுத்தி வைத்தால் இந்த உத்தரவாதம் போய்விடும். மின்வெட்டுக் காலத்தைக் கடந்த வாசகருக்கு இதை விளக்க அரைப் பக்கம் போதும்.

வேலை செய்யும் முறை பற்றிச் சுருக்கமாக. கையெழுத்துப் படியைச் சாதாரண உரைக் கோப்பாக எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் வையுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வினவலையும் எடுத்து உண்மையான டேட்டாபேஸில் ஓட்டி, விடையைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். விடையைக் கையால் பிரதி எடுக்கவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வெளியிட்டு ஐந்து ஆண்டு ஆதரவு தருகிறது. புதிய பதிப்பு வந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டினால் எந்தப் பக்கம் மாறியது என்று அதுவே காட்டும். திரைப்பிடிப்புகளைத் (ஸ்கிரீன்ஷொட்) தவிருங்கள், அவைதான் முதலில் பழசாகும். கணினி விஞ்ஞானி கொட் 1970 இல் எழுதிய தொடர்புநிலை மாதிரியும் (தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் முறை) அதே காலத்துப் பி-மரமும் (இண்டெக்ஸின் உள்ளமைப்பு) இன்றும் அப்படியே நிற்கின்றன, உங்கள் பக்கங்களை அவற்றுக்குக் கொடுங்கள்.

தமிழ் எழுத்துகளின் அகலம் சமமில்லை என்பதால், டேர்மினலில் வரும் விடை அட்டவணையை அப்படியே ஒட்டினால் கோடுகள் கோணலாகும். விடைகளை உண்மையான அட்டவணையாக அமைத்துவிடுங்கள்.

வெளியிடும் முன் வாசிக்கக் கொடுப்பது பற்றி: படித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்பவரால் பயன் குறைவு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் ஒரு பிள்ளையையும், வேலையில் இருக்கும் ஒரு டெவலப்பரையும், படிப்பிக்கும் ஓர் ஆசிரியரையும் பிடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தட்டும்போது பேசாமல் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு பத்தி குறைகிறது. என்னிடம் ஆசிரியர்கள் கேட்டது பயிற்சிகளுக்கான விடைகளை, பிள்ளைகள் கேட்டது இணையம் இல்லாமலே நிறுவும் வழியை. இரண்டாவதை நான் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடும் சிறிய மாதிரித் தரவு ஒன்றும் கூடவே கொடுத்தேன், ஏனென்றால் அது ஒரே கோப்பு, பென் டிரைவில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகும்.

பணத்தை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தமிழில் தொழினுட்பப் புத்தகம் வாங்குபவர்கள் குறைவு, குறைந்த பிரதிகள் அச்சடித்தால் ஒரு பிரதிக்கான செலவு ஏறும். கொஞ்சம் பிரதி அச்சடித்து நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்துவிட்டு, மின்னூலைத் திறந்து வைப்பது நல்லது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற வேண்டும். அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள், இலக்கம் உள்பக்கத்திலும் பின்னட்டையிலும் வர வேண்டும்.

மாதிரித் தரவின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. உங்கள் தோட்டப் பக்கம் நிறுவையும் கழிவும் எங்கள் பக்கத்திலிருந்து வேறுபட்டால் அதை அப்படியே வையுங்கள், என்னுடையதைப் பார்த்து மாற்ற வேண்டாம்.